பர்சோ மாற்றிய லைனர்

1. எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை

எங்கள் தொழிற்சாலையில் இருந்த எல்லா மிஷினுக்கும் ஒரே நாளில் ஸ்பேர் மாற்றியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்ப்ரஸர் வால்வு, கூலிங் டவர் கியர்பாக்ஸ் பேரிங், ஹைட்ராலிக் பம்ப் சீல், கிரேன் பிரேக் லைனர், எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமை நான்தான் ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டியூப் லைட்டும் ஒரு கட்டு காட்டன் வேஸ்ட்டும் கொடுத்தேன். வேறு எதையும் வாங்க யாரும் வரவில்லை.

ஸ்டோரிலிருந்து வெளியே போகாத ஸ்பேர் மிஷினுக்குள் எப்படிப் போகும்? இந்த ஒரு கேள்வியை அந்த ஆபீஸில் யாராவது கேட்டிருந்தால் எங்கள் ஃபிட்டர் கஃபூர் பாய் இன்றைக்கும் இரண்டு காலாலும் நேராக நடந்துகொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஸ்டோர்க்காரன் கேட்டால் அது கேள்வி இல்லை.

புதிதாக ஸ்டோர், மெயின்டனன்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். எழுதும்போது கோபம் வருகிறது. வரட்டும்.

2. நான் ஸ்டோருக்கு வந்தது

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஊர் ஆம்பூர்ப் பக்கம். சோலாப்பூரில் தறியில் இருந்தேன், பெல்லாரியில் லாரிக்குக் கிளீனர், விசாகப்பட்டினத்தில் மூட்டை, ராமகுண்டத்தில் பாய்லர் காண்ட்ராக்ட். எங்கேயும் கால் ஊன்றவில்லை. சில இடத்தில் அவர்கள் அனுப்பினார்கள், பல இடத்தில் நானே கிளம்பினேன். பட்டினி கிடந்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். இதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படி இருந்தவர்கள் நிறையப் பேர்.

ஹைதராபாத்துக்கு வந்து குஷாய்குடா தாண்டி இருக்கும் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். தகடுகளை அழுத்தி வாகன பாகங்கள் செய்யும் இடம். பெரிய பிரஸ்கள் இருக்கும் பிரஸ் ஷாப், அதற்குமேல் ஓவர்ஹெட் கிரேன். ஸ்டோரில் ஒருவர் ரிடையர் ஆனபோது, தெலுங்கு, ஹிந்தி, தமிழ் மூன்றிலும் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரிகிற ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். பேரிங் நம்பர், பெல்ட் நம்பர் எல்லாம் படிக்கத் தெரிந்தால் போதும். அது தெரிந்தது. கல்யாணமும் இந்த ஊரில்தான். என் பிள்ளைகளிடம் நான் தமிழில் கேட்டால் அவர்கள் ஹிந்தியில் பதில் சொல்வார்கள். அப்படித்தான் இந்த ஊர்ப் பேச்சு எனக்குள் இறங்கியது.

பர்சோ என்ற சொல்லும் அப்படி இறங்கியதுதான்.

3. ஹிந்தி தெரிந்த என்ஜினியர்

ஸ்பேர் பிளானிங் என்பது கேட்பதற்குப் பெரிய விஷயம். உள்ளே இருப்பது எளிமையான கணக்கு. ஒரு பொருள் எவ்வளவு நாள் உழைக்கும், கடைசியாக எப்போது மாற்றினோம், ஆர்டர் போட்டால் வந்துசேர எத்தனை நாளாகும், அது இல்லாமல் மிஷின் நின்றால் என்ன ஆகும். இந்த நான்கும் தெரிந்தால் பின்னில், அதாவது ரேக்கில் அந்தப் பொருளுக்கென்று இருக்கும் பெட்டியில், எத்தனை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். நான்கில் ஒன்று பொய்யானால் மொத்தமும் பொய்.

பூனாவிலிருந்து புது பிளான்ட் ஹெட் வந்தார். அவருக்கு ஸ்டோரைப் பார்த்தாலே ஆகவில்லை. பணம் ரேக்கில் தூங்குகிறது என்பார். ஸ்டாக்கைக் குறைக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதை ஓட்டுவதற்கு கௌதம் என்று ஒரு என்ஜினியர் வந்தார். கோயம்புத்தூர்ப் பையன், நல்ல படிப்பு. நான் தமிழ் என்று தெரிந்ததும் அண்ணா, அண்ணா என்று ஒட்டிக்கொண்டார். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். என் மனைவி அவருக்காகவே பருப்பில் பூண்டு அதிகமாகப் போடுவாள்.

சாஃப்ட்வேருக்குக் கடைசியாக மாற்றிய தேதி வேண்டும். எங்கள் இடத்தில் ஜாப் கார்டு யாரும் ஒழுங்காக எழுதியதில்லை. அதனால் கௌதம் ஒரு வியாழக்கிழமை டேப்லெட்டோடு ஃப்ளோருக்குப் போய் ஒவ்வொரு ஃபிட்டரிடமும் கேட்டார். ஹிந்தியில் கேட்டார். ஹிந்திப் பரீட்சைகள் எல்லாவற்றையும் பள்ளியிலேயே எழுதி முடித்தவர் அவர். தமிழ்நாட்டிலிருந்து வந்து இப்படிச் சுத்தமான ஹிந்தி பேசுகிற என்ஜினியரைப் பார்த்து பிளான்ட் ஹெட்டுக்கே சந்தோஷம்.

லைனர் கப் பத்லே, எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் ஃபிட்டர்கள் என்ன சொல்வார்கள்? பர்சோயிச் பத்லே சாப். இப்போதுதான் மாற்றினோம் சார்.

புத்தக ஹிந்தியில் பர்சோ என்றால் முந்தாநேற்று. ஹைதராபாதில் அப்படி இல்லை. இங்கே பர்சோ என்றால் அன்றைக்கு ஒரு நாள். அது போன வாரமாக இருக்கலாம், போன வருஷமாகவும் இருக்கலாம். நம் ஊரில் இரண்டு பிள்ளை பெற்றவளைக் காட்டி, இப்பத்தான் கல்யாணம் ஆச்சு என்று சொல்வதில்லையா, அப்படி. ஃபிட்டர்கள் எல்லாரும் பர்சோ என்றார்கள். கௌதம் வியாழனிலிருந்து இரண்டு நாள் பின்னோக்கி எண்ணிச் செவ்வாய் என்று போட்டுக்கொண்டே போனார்.

எல்லாமே புதிதாக மாற்றப்பட்டதால் எதுவுமே இப்போதைக்கு வேண்டாம் என்று சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது. ரேக்கில் இருந்ததெல்லாம் எக்ஸஸ். திரை முழுவதும் சிவப்பு.

4. ஜன்னலுக்கு வந்தவர்

கஃபூர் பாய் கிரேன் ஃபிட்டர். என்னைவிடப் பெரியவர், மெல்லிய உடம்பு, வாயில் எப்போதும் பாக்கு. ஜன்னலுக்கு வந்தால் பொருளைக் கேட்பதற்கு முன் ஒரு நக்கல் இருக்கும். உள்ளே என்ன பிரியாணியா வேகுது, இவ்வளவு நேரம் என்பார். அன்றைக்கு நக்கல் இல்லை. ஹாய்ஸ்ட் பிரேக் லைனர் ஒரு செட் கேட்டார்.

கிரேன் பிரேக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுமையைத் தூக்கி நிறுத்தும்போது அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக். டிரம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற ஷூக்களில் லைனர், அதாவது உராய்வுப் பட்டை, ரிவெட் அடித்திருக்கும். லைனர் தேய்ந்தால் ரிவெட் தலை டிரம்மில் உரசும். கிறீச்சென்று சத்தம் வரும். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

எங்கள் கிரேன் பழையது. செய்த கம்பெனியே மூடிவிட்டது. லைனரை ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இரண்டு செட் எப்போதும் வைத்திருப்போம். இப்படிப்பட்ட பொருளை இன்சூரன்ஸ் ஸ்பேர் என்போம். அது ரேக்கில் தூங்கினால்தான் நாம் வீட்டில் தூங்கலாம். அந்த இரண்டு செட்டையும் எக்ஸஸ் என்று பட்டன்செரு பக்கம் இருந்த எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது நான் சொன்னேன். கேட்பாரில்லை. பின் காலி.

கஃபூர் பாயிடம் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தான் அட்ஜஸ்ட்மென்ட்டைக் கடைசி திரெட் வரை இறுக்கிவிட்டதாகவும் இனி இறுக்க இடமில்லை என்றும் சொன்னார். கிரேனில் ஓட்டாதே என்று சிவப்பு போர்டு மாட்டியிருக்கிறார். புரொடக்ஷன்காரர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, சிஸ்டத்தில் லைனர் புதுசு என்று இருக்கிறது, உனக்கு வேலை செய்யச் சோம்பல் என்று பதில்.

நான் நேராக கௌதமிடம் போனேன்.

"சார், பர்சோன்னா இந்த ஊர்ல முந்தாநேத்து இல்ல. அன்னைக்கு ஒரு நாளுன்னு அர்த்தம். போன மாசமும் பர்சோதான், போன வருஷமும் பர்சோதான்."

"என்னங்ணா நீங்க. கல்னா நேத்து, பர்சோன்னா முந்தாநேத்துங்ணா. பரீட்சைக்குப் படிச்சதுங்."

"உங்க பேப்பரைத் திருத்துனவரு இந்த ஊர்க்காரரா சார்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லா மிஷினிலும் ஒரே செவ்வாய்க்கிழமை எப்படி மாற்றுவார்கள், அன்றைக்கு ஜன்னலில் நான் என்ன கொடுத்தேன் தெரியுமா என்று கேட்டேன். திரையை ஒருமுறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்துவிட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இப்ப இதைத் தொட்டா எல்லா நம்பரும் மாறுமுங்ணா. ஸ்டாக் குறைஞ்சுதுன்னு மேல சொல்லியாச்சு. ரிவ்யூ முடியட்டும், ஒண்ணொண்ணா சரி பண்ணிடறேனுங்."

"கிரேன் ரிவ்யூவுக்குக் காத்திருக்குமா சார்?"

"அண்ணா, ப்ளீஸ்ங்ணா."

லைனர் மட்டுமாவது திரும்ப வரவழையுங்கள் என்றேன். மெயில் போடுகிறேன் என்றார். போட்டார். பிளான்ட் ஹெட்டிடமிருந்து பதில் வந்தது, புதிதாக மாற்றிய பொருளுக்கு எதற்கு அவசரம் என்று. அதற்கு கௌதம் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியது ஒரு வரிதான். தேதி தப்பு, நான் தப்பாகப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை.

5. பிரஸ் ஷாப்

ரிவ்யூவுக்கு முன்பே நடந்துவிட்டது. காலை ஷிப்ட். பிரஸ்ஸிலிருந்து கழற்றிய டையை கிரேன் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. டை என்பது தகட்டை அழுத்தும் அச்சு, முழு இரும்பு. கஃபூர் பாய் அந்தக் கிறீச் சத்தத்தைக் கேட்டு, கிரேனை ஓட்டிய பையனிடம் இறக்கு இறக்கு என்று கையைக் காட்டிக்கொண்டே ஓடினார். பையன் பட்டனை விட்டான். பட்டனை விட்டால் பிரேக் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. டை வழுக்கி இறங்கி, தரையில் ஒரு மூலை இடித்து, அவர் பக்கமாகச் சாய்ந்தது. இடது பாதம் அடியில் போனது.

நான் ஸ்டோரிலிருந்து ஓடியபோது கடப்பாரையால் டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, லைனர் வந்துவிட்டதா என்று கேட்டார். நக்கலா, நிஜமாகக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே பட்டன்செருவிலிருந்து வேனில் லைனர் வந்தது. இரண்டு செட்டும். அவர்கள் கிரேனுக்கு அது பொருந்தாதாம். பேக்கிங் பிரிக்காமல் ஷெட்டின் ஓரத்தில் போட்டிருந்தார்களாம். நான் கட்டிய அதே சணல் கயிறு, நான் போட்ட அதே முடிச்சு. அதை இறக்கி பின்னில் வைத்தேன்.

6. விசாரணை

பாதத்தில் முன்பாதி போய்விட்டது. கஃபூர் பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்த முதல் நாள் விசாரணை வைத்தார்கள். அவர் மேல் குற்றச்சாட்டு: பாதுகாப்பு உபகரணத்தைப் பற்றிப் பொய்த் தகவல் கொடுத்தார். நிரூபணமானால் வேலை போகும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மேல் கம்பெனி எதையும் தர வேண்டியதில்லை, அவருடைய தவறால் அவருக்கே வந்த காயம் என்று முடித்துவிடலாம். வீட்டில் அவர் ஒருவருடைய சம்பளம். எல்லாம் அந்த ஒரு சொல்லில் நின்றது.

அறையில் பிளான்ட் ஹெட், எச்.ஆர். மேனேஜர், கௌதம், கஃபூர் பாய், ஸ்டோர் சாட்சியாக நான். எச்.ஆர். மேனேஜர் தார்நாகாவில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைப்போல எல்லாம் கலந்து பேசுவார். கௌதமிடம், இவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார்.

கௌதம் என்னைப் பார்க்கவில்லை. "பர்சோ என்றுதான் சொன்னார்" என்று ஹிந்தியில் சொன்னார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதற்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உண்மையையே சொல்லி ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

கஃபூர் பாய்க்கு என்ன கேட்கிறார்கள் என்றே முதலில் புரியவில்லை. ஆமாம், பர்சோ என்றுதான் சொன்னேன், பர்சோதானே மாற்றினேன், போன வருஷ பக்ரீத்துக்கு முன்னால் என்றார். பிளான்ட் ஹெட் பேனாவால் மேஜையைத் தட்டி, பார்த்தீர்களா, இப்போது மாற்றிப் பேசுகிறார் என்றார்.

எச்.ஆர். மேனேஜருக்குச் சங்கடமாக இருந்தது. நல்ல வார்த்தை சொல்லி ஆளை அடக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கஃபூர் பாய் பக்கம் குனிந்தார்.

"பர்சோயிச் தோ தும்கு மெடல் தியே நா, கஃபூர் மியா. அதுக்குள்ள ஏன் இப்படி?"

பர்சோதானே உனக்கு மெடல் கொடுத்தோம் என்கிறார். நான் எழுந்துவிட்டேன். பேச என்னை யாரும் கூப்பிடவில்லை.

"சார், நீங்க மெடல் குடுத்தது என்னைக்கு?"

கஃபூர் பாய்க்குச் சிறந்த தொழிலாளி மெடல் கொடுத்தது பழைய பிளான்ட் ஹெட் இருந்த காலத்தில். கௌதம் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்திருப்பார். எச்.ஆர். மேனேஜர் முதலில் சிரித்தார், அடக்க முடியாமல். பிறகு நடந்ததை இங்கிலீஷில் பிளான்ட் ஹெட்டுக்கு விளக்கினார். பிளான்ட் ஹெட்டும் சிரித்தார். இன்டரஸ்டிங் என்றார். கௌதம் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அரை நிமிஷம் அந்த அறை முழுக்கச் சிரிப்பு, நடுவில் கட்டையைப் பிடித்துக்கொண்டு கஃபூர் பாய்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன் அப்படித்தான் நினைப்பான். உண்மை வெளியே வந்தால் போதும் என்று நினைப்பான்.

ஆர்டர் வந்தது. பொய்த் தகவல் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, தேதியைத் தெளிவாகச் சொல்லத் தவறினார் என்று போட்டிருந்தார்கள். ஃபிட்டர் வேலைக்கு உடல் தகுதியில்லை, விரும்பினால் காண்ட்ராக்டரின் கீழ் வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரலாம். தேதியைத் தெளிவாகக் கேட்கத் தவறியவரைப் பற்றி ஒரு வரி இல்லை. சிவப்பு போர்டைக் கழற்றியவர்களைப் பற்றியும் இல்லை. நான் இதை எதிர்த்து யூனியனில் கத்தப்போகிறேன் என்றேன். கஃபூர் பாய் என் தோளைப் பிடித்தார். "நக்கோ செல்வம் பாய், சோடோ" என்றார். வேண்டாம், விடு. கேட்டில் உட்கார மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் விடவில்லை, கத்தினேன். அவரே கையெழுத்துப் போட்டபின் நாங்கள் என்ன செய்வது என்று யூனியனில் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

கௌதம் பதவி உயர்வோடு பூனாவுக்கு மாற்றலானார். ஸ்டாக்கைக் குறைத்ததற்காக. அதற்குப் பிறகு அவர் சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எப்போதும் ஏன் வரவில்லை என்று கேட்கிற என் மனைவியும் கேட்கவில்லை.

7. ஜன்னலில் ஒட்டிய தாள்

ஸ்டோர் ஜன்னலில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். மெயின்டனன்ஸ் ஊழியர்கள் கல், பர்சோ போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது, தேதியைச் சொல்ல வேண்டும் என்று. வரிசையில் நின்ற ஒரு ஃபிட்டர் அதைப் படித்துவிட்டு, இது எப்போ ஒட்டினாங்க என்று கேட்டார். பின்னால் நின்றவர், பர்சோ என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் தாளைக் கிழித்துப் போட்டேன். அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்த வருஷமே அங்கிருந்து கிளம்பினேன். கிளம்புவது எனக்குப் புதிதில்லை. கோபத்தோடு கிளம்பியது அதுதான் முதல் தடவை.

இப்போது வேறொரு இடத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எப்போது மாற்றினாய் என்று யாரிடமும் கேட்காதே. ரம்ஜானுக்கு முன்னாலா பின்னாலா, போனாலு அம்மன் ஊர்வலத்துக்கு அப்புறமா, பிள்ளையாரைக் கரைக்கிற கணேஷ் நிமஜ்ஜனத்தன்றைக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா, இப்படிக் கேள். மழை பெய்ததா என்று கேள். ஆட்களுக்கு அது ஞாபகம் இருக்கும். அவர்கள் சொன்ன பிறகும் நம்பாதே. போய்ப் பார். லைனரென்றால் வெர்னியரை எடுத்துப் போய் கனத்தை அள. பிரேக் யாருடைய வார்த்தைக்கும் பிடிக்காது, கனத்துக்குத்தான் பிடிக்கும். எந்தப் பொருள் இல்லாவிட்டால் ஆள் சாவானோ அதைத் திரையில் எந்த நிறத்தில் காட்டினாலும் ரேக்கிலிருந்து இறக்காதே. இறக்கச் சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரே தேதி இரண்டு தடவை வந்தால் சந்தேகப்படு. பத்துத் தடவை வந்தால் சத்தம் போடு. ஒருவரிடம் சொல்லிவிட்டோம் என்று திரும்பி வந்து உட்காராதே.

கஃபூர் பாய் இப்போது போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் தராசு ரிப்பேர் செய்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தப் பக்கம் போனால் அவரிடம் டீ குடிக்காமல் வருவதில்லை. போன தடவை போயிருந்தபோது, புதிதாக மண்டி எடுத்த ஒருவர் தராசு கொண்டுவந்தார். நின்றபடியே பாயின் காலைப் பார்த்துவிட்டு, இது எப்போது ஆனது என்று கேட்டார்.

கஃபூர் பாய் தராசிலிருந்து தலையைத் தூக்காமல், "பர்சோ" என்றார்.

மண்டிக்காரர் த்சொ என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து டீக்கடையில் எங்கள் மூவருக்கும் டீ சொன்னார். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்கவில்லை.